சாராளை விற்று வாங்கிய பெட்டி

செப்டம்பர் 3, புதன்

இந்த டைரியை ஐயரம்மா கொடுத்தார்கள். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்போம். அவர் மனைவி ஐயரம்மா. "அன்னப்பழம், இருபத்திரண்டு நாளாச்சு. நீ இன்னும் ஒரு சொட்டு அழல. உள்ளயே வச்சா நோவு வரும். மனசுல உள்ளத தெனமும் இதுல எழுது" என்றார்கள். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்து வரும், ஆனால் கோட்டில் நிற்காது.

மனசில் ஒன்றும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன். ஆகவே பெட்டியைப் பற்றி எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் ஞானசிகாமணி முப்பது வருஷம் மைக்செட் வைத்திருந்தார். சிகாமணி சவுண்ட்ஸ். கல்யாணம், கூட்டம், சாவு, எல்லாவற்றுக்கும் எங்கள் செட்டுதான். ஆகஸ்டு 4 அன்று ஒரு ப்ராசசர் வாங்கி வந்தார். கறுப்புப் பெட்டி. ஒரு செங்கல் உயரம்கூட இல்லை. முகத்தில் ஒரு நீல ஜன்னல், ஒரு திருகு, ஆறு விளக்கு. மைக்கில் பேசும் சத்தம் இதற்குள் போய், எந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு என்று பிரிந்து வெளியே வருமாம். இதை வாங்க என் ஆட்டை விற்றார். சாராள் என்று பேர். நிறைசினை. மேலத்தெரு கோயில்பிள்ளை வாங்கிக்கொண்டு போனார். சாராள் நான் கூப்பிட்டால் வருவாள். இந்தப் பெட்டிக்குக் காதும் இல்லை, வாலும் இல்லை.

ஆகஸ்டு 12 மத்தியானம் இவர் ஷெட்டில் உட்கார்ந்த வாக்கில் போய்விட்டார். நெஞ்சு. பெட்டியின் நீல ஜன்னல் எரிந்துகொண்டே இருந்தது. நான்தான் சுவிட்சை அணைத்தேன்.

செப்டம்பர் 4, வியாழன்

கொழுந்தன் ஜெயசிங் திருநெல்வேலியிலிருந்து வந்தான். அவனும் அங்கே மைக்செட்தான் வைத்திருக்கிறான். ஷெட்டைச் சுற்றி வந்து ஒவ்வொரு ஸ்பீக்கரையும் மாட்டைத் தட்டுவது போலத் தட்டிப் பார்த்தான்.

"மைனி, இதெல்லாம் நான் கொண்டு போயிருதேன். இங்ஙன கெடந்தா எலி கொதறிரும். ஒங்களுக்கு உள்ளத நான் செய்வேன்."

"பண்டிகைக்கு இவிய வாக்கு குடுத்திருக்காவளே" என்றேன்.

27ஆம் தேதி எங்கள் சபையின் அசனப் பண்டிகை. காலையில் ஆராதனை, அதன்பின் காணிக்கைப் பொருள்களின் ஏலம், மத்தியானம் ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அசனம். அதற்கு மைக்செட் பதினெட்டு வருஷமாக எங்களுடையது.

"அத நான் பாத்துக்கிடுதேன்."

"நான் பாத்துக்கிடுதேன்" என்று நானும் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவன் ஸ்பீக்கரைத் தட்டியது பிடிக்கவில்லை, அதுதான்.

ஜெயசிங் சிரித்தான். "மைனி, இது ஆம்பிளைக்கே மண்ட கொழம்புற சாமான்."

சபைச் செயலாளர் ஆசீர் வாத்தியாரும் கூட இருந்தார். அவர்தான் தீர்ப்புச் சொன்னார். பண்டிகை நல்லபடியாக முடிந்தால் செட்டு என் வீட்டில் இருக்கும், சபை வேலை எல்லாம் எனக்கே. சத்தத்தில் கோளாறு வந்தால் மறுநாள் ஜெயசிங் வேனோடு வருவான். நான் சரி என்றேன். போகும்போது ஜெயசிங் வேன் உள்ளே வர வாசல் அகலம் போதுமா என்று கையால் அளந்து பார்த்தான்.

செப்டம்பர் 5, வெள்ளி

மழை. ஷெட் ஒழுகுகிறது. பெட்டி மேல் என் பழைய பச்சைச் சேலையைப் போட்டு மூடினேன். அதற்குமேல் அதற்கு என்ன செய்ய.

செப்டம்பர் 6, சனி

சுயம்பு அண்ணன் வந்தார். இருபத்தைந்து வருஷமாக எங்களோடு ஸ்பீக்கர் கட்டுகிறவர். அறுபது வயது. கோயில் கொடைத் திருவிழாக்களில் குழாய் ஸ்பீக்கர் பக்கத்திலேயே தூங்கித் தூங்கி வலது காது போய்விட்டது. அவருக்கும் என் வீட்டுக்காரருக்கும் கை ஜாடை உண்டு. ஒரு கையைத் தூக்கினால் சத்தத்தைக் கூட்டு. உள்ளங்கையைக் கவிழ்த்தால் குறை. இரண்டு கையையும் தூக்கினால் எல்லாவற்றையும் நிறுத்து. எனக்கும் சொல்லிக் கொடுத்தார். காது போன ஆளும் இங்கிலீஷ் எழுத்து வராத ஆளும் சத்தம் பார்க்கப் புறப்பட்டிருக்கிறோம்.

பெட்டியின் மேல்மூடியில் என் வீட்டுக்காரர் ஒரு தாள் ஒட்டி வைத்திருக்கிறார். அவர் கையெழுத்து. 1, 2 பெரியது. 3, 4 நடு. 5 சின்னது. 6 மைதானம், 67.

முதல் ஐந்தும் புரிந்தது. மாவு சலிப்பதுதான். தவிடு மேலே நிற்கும், ரவை அடுத்த சல்லடையில் நிற்கும், மாவு கீழே போகும். தும் தும் என்பது பெரிய ஸ்பீக்கருக்கு. பேச்சு நடு ஸ்பீக்கருக்கு. கிலுகிலு என்பது சின்னதுக்கு. இதை மூன்று வார்த்தையில் எனக்குச் சொல்லியிருக்கலாம். மனுஷன் "கிராஸ் ஓவர், கிராஸ் ஓவர்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

வயரைச் செருகினேன். சுயம்பு அண்ணன் ஓடி வந்தார்.

"அம்மா, அம்மா! தும் தும்முக்கு உள்ளத சின்னதுல சொருவிட்டிய! பச்சப்புள்ள வாயில பனங்கொட்டைய வச்ச மாதிரி. செத்துரும்!"

மாற்றிச் செருகினேன். பிறகு சுவிட்ச் போட்டோம். முதலில் பெட்டி, கடைசியில் ஆம்ப்ளிஃபயர். அணைக்கும்போது முதலில் ஆம்ப்ளிஃபயர். மாற்றினால் டமார் என்று வெடிக்கும். வீட்டில் எல்லாருக்கும் சோறு போட்ட பிறகு நான் உட்காருவேன் இல்லையா, அப்படி.

ஆறு விளக்கும் சிவப்பாக எரிந்தன. நன்றாக வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் சத்தம் வரவில்லை. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மணி வரை நானும் சுயம்பு அண்ணனும் மாறி மாறி ஹலோ சொன்னோம். நான் பைபிளிலிருந்து ஒரு சங்கீதமே முழுசாக வாசித்தேன். பிறகு சுயம்பு அண்ணன் கை தவறி ஒரு பொத்தானில் பட்டது. விளக்கு அணைந்தது. "ஹலோ" என்ற சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது. சிவப்பு எரிந்தால் வாயை மூடியிருக்கிறது என்று அர்த்தமாம். மூன்று மணி நேரம் வாயடைத்த பெட்டியிடம் ஜெபம் சொல்லியிருக்கிறோம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

லிமிட் என்று ஒன்று இருக்கிறது. மைக்கில் யாராவது தொண்டை கிழியக் கத்தினால், ஸ்பீக்கர் கிழியாமல் அது அமுக்கிப் பிடிக்கும். எங்கள் மாமியார் இருந்தவரை இந்த வீட்டில் அந்த வேலையை அவர்கள் செய்தார்கள்.

மத்தியானம் "சோறு ஆறுது, வாங்க" என்று ஷெட்டைப் பார்த்துக் கூப்பிட்டேன். சுயம்பு அண்ணனைத்தான் கூப்பிட்டேன். பிறகுதான் ஞாபகம் வந்தது, இன்றைக்கு அவர் வரவேயில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

ஆறாவது விஷயம், மைதானம். இதுதான் பெரிய விஷயம்.

ஏலம் நடப்பது எங்கள் சபைக் கோயில் முகப்பில். ஆனால் கூட்டம் மைதானக் கடைசி வரை நிற்கும். அங்கே ஒரு ஸ்பீக்கர் வைப்போம். இத்தனை வருஷமும் அது எதிரொலித்துக்கொண்டே இருந்தது. யாரும் கண்டுகொண்டதில்லை. சத்தம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தோம். இவருக்கு மட்டும் அது உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது.

சுயம்பு அண்ணன் சொன்னார். "மொதலாளி சொல்லுவாவ, வயர்ல போற சத்தம் பஸ்ஸுல போவுது, காத்துல போற சத்தம் நடந்து போவுது. ரெண்டும் ஒரே எடத்துக்குத்தான் போவுது. பஸ்காரன் முந்திப் போயிருதான். அவன கொஞ்சம் புடிச்சு வச்சு, நடந்து வாரவன் வந்ததும் விடணும். அதாம் டிலே."

எவ்வளவு நேரம் பிடித்து வைப்பது என்பதற்குத் தூரத்தைக் கொடுத்தால் போதும். பெட்டியே கணக்குப் போட்டுக்கொள்ளும். போய் டேப் வைத்து அளந்தோம். முகப்பிலிருந்து மைதான ஸ்பீக்கர் வரை இருநூற்றிருபது அடி. இவர் தாளில் 67 என்று எழுதியிருக்கிறார். எங்கே இருநூற்றிருபது, எங்கே அறுபத்தேழு! இந்த மனுஷனுக்கு எப்போதுமே தூரம் தெரியாது. "இந்தா பக்கத்துலதான்" என்று சொல்லி என்னை நான்கு மைல் நடக்க வைத்தவர்.

திருகைத் திருகி 220 வைத்தேன். எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இங்கிலீஷ் எழுத்து நிற்கிறது. நின்றுவிட்டுப் போகட்டும், இடைஞ்சல் ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. இருந்தும் எழுதுகிறேன்.

ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து சின்ன ஏலம் இருக்கும். முட்டை, முருங்கை, தேங்காய் என்று யாராவது காணிக்கை வைப்பார்கள். இன்றைக்குப் பண்டிகைக்கு ஒத்திகையாக முழு செட்டும் கட்டினோம். நான் முகப்பில் பெட்டிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு நன்றாகத்தான் கேட்டது.

ஏலம் போடுவது எபனேசர் அண்ணாச்சி. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெறாதது வாய் மட்டும். ஒரு பூசணிக்காயைத் தூக்கினார்.

"நூறு ரூவா, நூறு ரூவா! முன்னால ஏறுங்க, பின்னால எடம் கெடக்கு! நூத்திருபது யாரு? பின்னால புஷ்பம்! நூத்திருபது ஒரு தரம்!" கொஞ்சம் நிறுத்தினார். "நூத்திருபது ரெண்டு தரம்!"

"நூத்தி முப்பது" என்றார் முன்வரிசையில் ஆசீர் வாத்தியார்.

அதற்குள் மைதானக் கடைசியிலிருந்து புஷ்பம் சித்தி பூசணிக்காயை எடுக்க வந்துகொண்டிருந்தாள்.

"ஏட்டி, எங்க போற? வாத்தியார் நூத்தி முப்பது கேட்டாச்சு."

"என்னத்தக் கேட்டாரு? எனக்கு நாலு தரம் சொல்லியாச்சே அண்ணாச்சி! மூணு தரத்துக்கே காய் எனக்குத்தான்!"

"ரெண்டு தரந்தான சொன்னேன்?"

"ஒரு தரம், ஒரு தரம், ரெண்டு தரம், ரெண்டு தரம். நாலா இல்லையா? எனக்கு எண்ணத் தெரியாதா?"

பின்னால் நின்ற இருபது பேரும், "ஆமா, நாலு தரம், நாலு தரம்" என்றார்கள். முன்னால் நின்றவர்கள், "ரெண்டுதான், ரெண்டுதான்" என்றார்கள். சபை இரண்டாகப் பிரிந்து நின்றது. நான் மட்டும் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ்காரன் பிந்தி வந்திருக்கிறான். முந்துகிறவனை நிறுத்தப் போய், அவனைத் தூங்கவே வைத்துவிட்டேன்.

ஐயர் வந்தார். சாலொமோன் ராஜா மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "சரி, ரெண்டா வெட்டிருவோமா?" என்றார். யாராவது ஒருவர் மனம் இரங்கி விட்டுக்கொடுப்பார் என்று நினைத்திருப்பார் போல.

"வெட்டுங்க" என்றாள் புஷ்பம் சித்தி.

"நேர் பாதியா வெட்டணும்" என்றார் வாத்தியார்.

வெட்டினார்கள். பிறகு ஐயர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அன்னப்பழம், இன்னைக்குப் பூசணிக்காயோட போச்சு. பண்டிகைக்கு கோயில்பிள்ளை ஆட்டுக்குட்டி காணிக்க வைக்காரு. ஆட்டுக்குட்டிய ரெண்டா வெட்ட முடியுமா?"

"அசனத்துக்கு அதான ஐயரே செய்யோம்" என்றார் சுயம்பு அண்ணன். எந்தக் காதில் கேட்டதோ.

ஆசீர் வாத்தியார் அரைப் பூசணிக்காயைக் கக்கத்தில் வைத்துக்கொண்டே ஜெயசிங்குக்குப் போன் போட்டார். "28ஆம் தேதி வேன ரெடியா வச்சுக்கோ தம்பி" என்றது எனக்கும் கேட்டது. எதிரொலி இல்லாமல் கேட்டது.

செப்டம்பர் 15, திங்கள்

புஷ்பம் சித்தி தன் பாதியில் ஒரு கீற்று அனுப்பியிருந்தாள். வேண்டுமென்றேதான். புளிக்குழம்பு வைத்தேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

மூன்று தடவை அளந்தோம். மூன்று தடவையும் இருநூற்றிருபது. பெட்டிதான் பொய் சொல்கிறது. சாராளை விற்று ஒரு பொய்யனை வாங்கியிருக்கிறார். போதாததற்கு மைதான வயரை எலி கடித்துவிட்டது. ஜெயசிங் சொன்னது போலவே.

செப்டம்பர் 18, வியாழன்

வயர் வாங்க நானும் சுயம்பு அண்ணனும் டவுனுக்குப் போனோம். எலக்ட்ரிக்கல் கடைக்காரர், "எத்தன மீட்டர்?" என்றார்.

"மீட்டர்லாம் தெரியாது. எரநூத்தி இருவது அடி" என்றேன்.

அவர் கால்குலேட்டரில் தட்டினார். "அறுபத்தேழு மீட்டர். நான் அறுத்துத் தர மாட்டேன்மா. முழுச் சுருளா எடுத்துக்கிடுங்க, தொண்ணூறு மீட்டர்."

"எவ்வளவு சொன்னிய?"

"தொண்ணூறு."

"அதுக்கு முந்தி."

"அறுபத்தேழு."

சுயம்பு அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கடையில் தொங்கிய காற்றாடிகளைப் பார்த்தேன்.

பஸ்ஸில் வரும்போது எங்கள் ஊர் நிறுத்தத்தில் இறங்க மறந்து அடுத்த ஊரில் இறங்கினோம். சுருளைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். வந்ததும் பெட்டியைத் திறந்து 67 வைத்தேன். எண்ணுக்குப் பக்கத்தில் நிற்கும் எழுத்து மீட்டராம். ஐயரம்மாவிடம் கேட்டேன்.

ஆக, 67 என்பதும் சரிதான்.

ஆகஸ்டு 12 அன்று மத்தியானம் அவர் இந்த 67ஐத்தான் வைத்துக்கொண்டிருந்திருப்பார். ஷெட்டிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டார். "ஏளா அன்னம், ஒரு நிமிஷம் வா. வேலிக்கிட்ட போயி நின்னு, எப்படிக் கேக்குன்னு சொல்லு." நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். சாராள் போனதிலிருந்து எட்டு நாளாக நான் அவரோடு பேசவில்லை. மூன்றாவது தடவை கூப்பிட்டபோது முறத்தை இன்னும் சத்தமாகத் தட்டினேன்.

நாலாவது தடவை கூப்பிடவில்லை. கோபம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

நாளைக்கு இட்லிக்கு மாவு அரைக்க வேண்டும். உளுந்து இருக்கிறதா பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 20, சனி

வைத்ததையெல்லாம் பெட்டிக்குள் சேமித்து வைக்கலாமாம். அடுத்த தடவை ஒரே அழுத்தில் வந்துவிடும். எட்டாவது இடம் காலியாக இருந்தது. அதில் வைத்தேன். முன்னே இருந்த ஏழும் அவர் வைத்தவை, தொடுவதில்லை என்று இருந்தேன். பிறகு சும்மா ஏழாவதைத் திறந்து பார்த்தேன். பெரியது, நடு, சின்னது, எல்லாம் பாங்காக வைத்திருந்தது. மைதானம் 67.

சபைக்கென்றே எல்லாவற்றையும் வைத்து முடித்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

"அப்ப இந்த ரெண்டு வாரமா நாம என்னம்மா செஞ்சோம்?" என்றார் சுயம்பு அண்ணன்.

"படிச்சோம்ணே."

"நான் மூணாங்கிளாஸோட நிறுத்துனதே இதுக்குத்தான்."

இப்போது எதைப் பார்த்தாலும் மீட்டராகத் தெரிகிறது. வீட்டு வாசல் ஒரு மீட்டர். கிணறு ஒன்பது. சேலை ஐந்தரை, கடைச் சீட்டிலேயே போட்டிருக்கிறது. ஷெட்டிலிருந்து நான் அரிசி புடைத்த இடம் பதினொன்று. அவ்வளவுதான்.

செப்டம்பர் 24, புதன்

மழை. பச்சைச் சேலையை எடுத்து மறுபடி மூடினேன்.

செப்டம்பர் 25, வியாழன்

மழை.

செப்டம்பர் 27, சனி. பண்டிகை

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

விடிந்து போனால் மைதானத்தில் பாதி தண்ணீர். நாங்கள் ஸ்பீக்கர் வைக்கும் இடத்தில் இரண்டு வாத்துகள் நீந்துகின்றன. ஐயர் பந்தியை அதற்கும் அப்பால் உள்ள பள்ளிக்கூட வராந்தாவுக்கு மாற்றிவிட்டார். கூட்டத்தில் பாதி அங்கே. அப்படியானால் ஸ்பீக்கரும் அங்கே போக வேண்டும். அவர் வைத்த ஏழாவது இனிமேல் உதவாது.

"இப்ப எத்தனம்மா வைக்க?" என்றார் சுயம்பு அண்ணன். கையில் அடி டேப்.

"அத உள்ள வைங்கண்ணே. அது பட்ட பாடு போதும்."

பெட்டியை மூடியிருந்த பச்சைச் சேலையை எடுத்தேன். ஒரு முனையை நான் பிடித்தேன். மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டுமே. வேடிக்கை பார்க்கப் பக்கத்தில் நின்றது புஷ்பம் சித்திதான்.

"சித்தி, இதப் புடி."

"எதுக்குட்டி? சேல காயப் போடவா? இன்னைக்கு வெயிலே இல்லையே."

"சத்தத்த அளக்கணும்."

"சத்தத்தையா? சேலையிலயா?" என்றாள். ஆனால் பிடித்தாள். தண்ணீருக்குள் பாவாடையைத் தூக்கிக்கொண்டு, வாத்துகளை விரட்டிக்கொண்டு, கோயில் முகப்பிலிருந்து பள்ளிக்கூடம் வரை நீட்டி நீட்டிப் போனோம். சபை முழுக்க நின்று பார்த்தது. "யோர்தான் நதியில இறங்கிட்டாளுவ" என்று எபனேசர் அண்ணாச்சி மைக்கிலேயே சொன்னார். சரியாகப் பதினாறு சேலை. இரண்டு சேலை பதினொன்று மீட்டர். எட்டுப் பதினொன்று எண்பத்தெட்டு. சுருள் தொண்ணூறு. கடைக்காரர் அறுத்துத் தராதது நல்லதாய்ப் போயிற்று.

88 வைத்தேன். சேமித்தேன். ஆறு சிவப்பும் அணைந்திருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன்.

ஏலம் தொடங்கியது. போன தடவை நான் செய்த தப்பு, பெட்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்தது. பெட்டிப் பக்கத்தில் எப்போதும் நன்றாகத்தான் கேட்கும். இந்தத் தடவை பெட்டியில் சுயம்பு அண்ணனை உட்கார வைத்துவிட்டு நான் வராந்தாவுக்குப் போய் நின்றேன். வாசலில் ஜெயசிங்கின் வேன் நின்றது. 28 என்றுதான் பேச்சு, ஒருநாள் முந்தியே வந்துவிட்டான். அவனுக்கும் டிலே சரியில்லை.

எபனேசர் அண்ணாச்சி வாழைத்தாரைத் தூக்கினார். "ஐந்நூறு! ஒரு தரம்!"

ஒரு தரம்தான் கேட்டது. ஒரே ஒரு குரல். அண்ணாச்சி அந்தக் கோடியில் வாயைத் திறக்கிறார், சத்தம் அவரிடமிருந்தே நடந்து வருவது போல இருக்கிறது. என் தலைக்கு மேலே ஸ்பீக்கர் இருப்பதே தெரியவில்லை.

"சரியாத்தான் கேக்கு" என்றேன்.

"யார்ட்டட்டி சொல்லுத?" என்றாள் புஷ்பம் சித்தி.

"இவியட்டதான். கேட்டாவல்லா."

சேலை முனை இன்னும் அவள் கையில் இருந்தது.

கடைசியாக ஆட்டுக்குட்டி வந்தது. கோயில்பிள்ளை தோளில் போட்டுக் கொண்டுவந்தார். காது வரைக்கும் கறுப்பு, நெற்றியில் வெள்ளை. சாராளை உரித்து வைத்தது போல. பிறந்து ஐந்து வாரம்.

கூட்டம் இரைந்தது. அசன அடுப்பில் அண்டாவைத் தட்டுகிறார்கள், பிள்ளைகள் கத்துகிறார்கள். அண்ணாச்சி குரல் அமுங்கியது. சத்தத்தைக் கூட்டச் சொல்ல நான் சுயம்பு அண்ணனைப் பார்த்து ஒரு கையைத் தூக்கினேன்.

"பின்னால அன்னப்பழம், ஆயிரத்து ஐந்நூறு!" என்றார் எபனேசர் அண்ணாச்சி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் கேட்கவில்லை, நிறுத்துங்கள் என்று சொல்ல இரண்டு கையையும் தூக்கினேன்.

"அடேயப்பா! ரெண்டு கை! ரெண்டாயிரம்!"

இரண்டு கை என்றால் சுயம்பு அண்ணனுக்கு வேறு அர்த்தம். படபடவென்று ஆறு பொத்தானையும் அமுக்கிவிட்டார். ஆறும் சிவப்பு. ஸ்பீக்கர் எல்லாம் மயான அமைதி. பின்னால் நின்ற இருநூறு பேருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. யாரும் மேலே கேட்க வழியில்லை. அண்ணாச்சி வாயை மூன்று தடவை திறந்தது மட்டும் தூரத்தில் தெரிந்தது. பிறகு மணி அடித்தார்.

கோயில்பிள்ளை குட்டியைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்து வந்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஊரே சிரித்தது. ஐயர் பைபிளை வைத்து முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். மைக்செட் கூலி குட்டிக்குச் சரியாகப் போயிற்று.

ஆசீர் வாத்தியார் வந்தார். முடிந்தது என்று நினைத்தேன். அவர் வராந்தாவில் நின்றவர்களிடம், "ஏலத்துல எத்தன தரம் கேட்டுது?" என்று விசாரித்தார்.

"ஒரு தரம்னா ஒரு தரந்தான் கேட்டுது வாத்தியாரே. என் காதுல அண்ணாச்சி எச்சி தெறிச்ச மாதிரி கேட்டுது" என்றாள் புஷ்பம் சித்தி. அரைப் பூசணிக்காயை இழந்தவள் சொல்லும் சாட்சி.

வாத்தியார் கொஞ்சம் யோசித்தார். "சத்தத்துல குறையில்ல. கையிலதான் குறை. அடுத்த வருஷம் கையக் கட்டிக்கிட்டு நில்லு" என்றார். அடுத்த வருஷம் என்று சொல்லிவிட்டார்.

ஜெயசிங் பெட்டியையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். "எம்பத்தெட்டுன்னு எப்படி மைனி கண்டுபிடிச்சிய?"

"பதினாறு சேல."

அவன் அதை போனில் எழுதிக்கொண்டான். அசனத்தில் மூன்று தடவை கறி வாங்கினான். வேன் காலியாகவே போயிற்று.

பந்தியில் உட்கார்ந்தபோது அடுப்புப் புகை கண்ணில் பட்டுவிட்டது. தண்ணீர் நிற்கவே இல்லை. மூக்கும் ஒழுகிற்று. ஐயரம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்கள். அடுப்பு அணைத்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது என்று புஷ்பம் சித்தி சொன்னாள். அவளுக்கு என்ன தெரியும். பச்சை விறகுப் புகை அப்படித்தான், பிந்தித்தான் எரிக்கும்.

செப்டம்பர் 28, ஞாயிறு

குட்டிக்கு ஈசாக்கு என்று பேர் வைத்தேன். சாராள் பெற்றது வேறு என்னவாக இருக்கும். ஷெட்டில் கட்டியிருக்கிறேன். வந்ததும் வராததுமாக மைக் வயரை மோந்து பார்க்கிறது. எலிக்கு அடுத்து இது.

ஆடு போயிற்று என்றுதான் சண்டை. இப்போது பெட்டியும் இருக்கிறது, ஆடும் இருக்கிறது. சண்டை போட ஒரு காரணமும் இல்லை. இருந்தாலும் கொஞ்சம் போடலாம் என்று இருக்கிறது.

காலையில் சுயம்பு அண்ணன் பெட்டியை ஏழாவதில் வைத்து மைக்கை ஈசாக்கு வாய்க்கு நேரே நீட்டினார். நான் வேலிக்கிட்டே போய் நின்றேன். அது கத்தியது. நான் ஒரு கையைத் தூக்கினேன்.